பிரித்துப் பின்னுதல்

(கோவையில் மாதாந்திரக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே "சாக்ஸ் பின்னுவதும் சொந்த வீடு வாங்குவதும்" என்று போட்டிருக்கிறார்கள். அச்சகத்தில் இரண்டு கூட்டத்தின் அழைப்பிதழைக் கலந்து விட்டார்களா என்று நேற்று ஒருவர் போன் செய்து கேட்டார். இல்லை, நான் கொடுத்த தலைப்புதான். வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும் பகுதி வீட்டுக் கடன் மேசை. பதினெட்டு வருடமாகக் காலுறை பின்னுகிறேன். இந்த இரண்டைத் தவிர எனக்கு உருப்படியாக வேறொன்றும் தெரியாது. தெரிந்ததைத்தானே பேச முடியும்.

பின்னலைக் குன்னூரில் கற்றேன். மாற்றலாகிப் போன முதல் ஜூன் மாதம். மழையா பனியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று சன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். துவைத்த துணி நான்கு நாள் ஆனாலும் காயாது. நான் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். மாலை நாலு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, கையைப் பார்க்காமலே பின்னுவார். பார்வை தெருவில் இருக்கும், வாய் எங்களோடு பேசும், ஊசி தன் பாட்டுக்குப் போகும். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் டீச்சர் என்றேன். "ப்ளெய்ன் ஒண்ணு, பர்ல் ஒண்ணு, அவ்வளவுதாம்மா. உலகத்துல உள்ள எல்லாப் பின்னலும் அந்த ரெண்டுக்குள்ள அடக்கம்" என்றார்.

அவ்வளவுதான் என்று நம்பி நானும் பின்னினேன். மூன்று நாள் உழைப்பில் ஒரு சாண் நீளம் வந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், ஊசிகளை உருவினார், நூல் முனையைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று மூன்று நாளும் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. எனக்கு அழுகை முட்டியது. அவரோ நூலை முழங்கையில் சுற்றிக்கொண்டே, "ஆறாவது வரிசையில ஒரு கண்ணி விட்டிருக்க. அதுக்கு மேல பின்னினதெல்லாம் அந்த ஓட்டை மேலதான் நிக்குது" என்றார்.

பிரித்த கம்பளி நூலைப் பார்த்திருக்கிறீர்களா? இடியாப்பம் மாதிரி நெளிந்து கிடக்கும். அப்படியே எடுத்துப் பின்னினால் பின்னல் கோணலாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, பிழியாமல் ஒற்றி, அடியில் ஒரு கரண்டியையோ பூட்டையோ கட்டித் தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் நெளிவு நீங்கிவிடும். குன்னூரில் அது காய ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரம் நான் டீச்சரோடு சரியாகப் பேசவில்லை.

அன்றைக்கு அவர் இழுத்த அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் பேசப் போகிறேன்.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு ஜோடிக் காலுறை இருக்கிறது. சிவப்புக் கம்பளி. எகிப்தில், பழைய ஆக்ஸிரிங்கஸ் நகரத்து மண்ணில் கிடைத்தது. வயது ஆயிரத்து அறுநூறு வருடத்துக்குக் குறையாது. கட்டைவிரலுக்குத் தனியாகவும் மற்ற நான்கு விரலுக்குச் சேர்த்தும் பிளந்து பின்னியிருக்கிறார்கள், வார்ச்செருப்போடு போடுவதற்காக. நம் ஊரில் செருப்புக்குள் போடுவதற்கென்று விற்கிறார்களே, அதே வடிவம். ஆனால் அது இரண்டு ஊசிப் பின்னல் இல்லை. தையல் ஊசி மாதிரி ஒரே ஊசி. ஒவ்வொரு முடிச்சுக்கும் நூல் முழுவதையும் அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்திருக்கிறார்கள். நம் பின்னலில் நூலின் ஒரு மடிப்பு மட்டும்தான் வளையத்துக்குள் போகிறது. அதனால் முனையை இழுத்தால் மொத்தமும் கழன்று வந்துவிடும். அந்தப் பழைய பின்னலை இழுத்தால் வராது. ஒவ்வொரு முடிச்சாகத்தான் அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் கத்தரிக்கோல்தான். உழைப்பு அதிகம், தவறு செய்தால் சுலபத்தில் மன்னிப்பும் இல்லை. பின்னால் வந்த இரண்டு ஊசிப் பின்னல் ஊர் ஊராகப் பரவியதற்கு வேகம் முக்கியக் காரணம் என்பார்கள். தப்பைப் பிரித்துத் திருத்தலாம் என்ற வசதியும் கூடவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பக்கத்துத் திருப்பூரில் ஓடுகிற பனியன் மெஷினுக்கும் இதே வளையம்தான். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்ன ஒரு பொறி செய்தார். அதுதான் இந்த மெஷின்களுக்கெல்லாம் பாட்டன். பனியனில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரி கீழே வரை ஓடுகிறதே, அது எதனால் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

கிரையப் பத்திரம் பதிவாகிவிட்டால் அது அந்த எகிப்து சாக்ஸ். இழுத்தால் பிரியாது. விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து வந்து ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கட்டிய முத்திரைத் தீர்வை திரும்பாது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஐம்பது லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் நாலரை லட்சம் அன்றைக்கே போய்விடும். ஆனால் அட்வான்ஸ் கொடுத்துக் கிரைய ஒப்பந்தம் போட்டதிலிருந்து பதிவு நாள் வரை இரண்டு மூன்று மாதம் இருக்கிறதே, அது இரண்டு ஊசிப் பின்னல். எந்த வரிசையிலும் நிறுத்தலாம், பின்னால் போகலாம், உருவலாம். நம் ஆட்கள் அந்த மாதங்களை என்ன செய்கிறார்கள்? டைல்ஸ் பார்க்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கிறார்கள். மாடுலர் கிச்சனுக்குச் சிவப்பா நீலமா என்று வீட்டில் சண்டை நடக்கிறது.

கடன் மேசையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். இளம் தம்பதி, இருவருக்கும் வேலை. ஃபைலை மேசையில் வைத்ததும் கணவர், "மேடம், ஈ.சி. க்ளீனா இருக்கு" என்றார். இருந்தது. முப்பது வருட வில்லங்கச் சான்று, ஒரு அடமானம் கூட இல்லை. பட்டா விற்பவர்கள் பெயரில். அண்ணன் தம்பி இருவர். அப்பா காலமாகிவிட்டார், சொத்து அவருடையது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டேன். ஒரு வாரம் இழுத்தடித்துக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று பெயர். மூன்றாவது ஒரு பெண், கல்யாணமாகி வெளியூர் போனவர்.

அண்ணனிடம் கேட்டேன். "அவளுக்கு அப்பவே அம்பது பவுன் போட்டாச்சு மேடம். அவ எதுக்கு?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தங்கையை விட்டுவிட்டோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

இதுதான் நழுவிய கண்ணி. ஈ.சி.யில் ஏன் தெரியவில்லை? பதிவானது மட்டும்தான் ஈ.சி.யில் வரும். ஒருவர் இறந்ததும் பிள்ளைகளுக்கு உரிமை வருவது எந்த சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாவதில்லை. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே பதிவாகாத உயிலும் தெரியாது. அப்பா உயில் எழுதாமல் போனால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் பங்கு என்று 1956இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் நம் மாநிலம் 1989இல் மகளுக்குப் பங்கு கொடுத்தது, அதுவும் அப்போது கல்யாணம் ஆகாதவர்களுக்கு. கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் இல்லாமல் இந்தியா முழுவதும் கொடுத்தது 2005ஆம் வருடத் திருத்தம். அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்குக்கு 2020இல்தான் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, அப்பா அன்றைக்கு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. இதெல்லாம் தெரிந்த வக்கீலே சில நேரம் மகள் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார். நகை போட்டாச்சு என்ற வார்த்தைக்கு நம் வீடுகளில் அவ்வளவு பலம்.

அந்தப் பெண்ணை வரவழைத்தோம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மதிய நேரம் கைக்குழந்தையோடு வந்தார். பத்திர எழுத்தர் படித்துக் காட்டுகிறேன் என்றார். "வேண்டாங்க, குடுங்க, நானே படிச்சுக்கறேன்" என்று வாங்கி, செக்குபந்தி வரை விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கிழக்கே பொதுப் பாதை, மேற்கே இன்னார் காடு. படித்துவிட்டு அண்ணனைப் பார்த்து, "கெணறு இதுக்குள்ள வருதா?" என்றார். வருகிறது என்றார் அண்ணன். "அப்ப மூணு லட்சம் குடுங்கண்ணா" என்றார். கொடுத்தார்கள். அதில் ஒன்றரையைத் தம்பதியர் தலையில் கட்டினார்கள். வங்கியால்தான் ஒன்றரை லட்சம் நஷ்டம் என்று அந்தக் கணவர் என்னோடு கடைசி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சரோடு நான் பேசாமல் இருந்த அந்த வாரம் ஞாபகம் வந்தது.

அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாக்ஸ் ஆரம்பிக்கும் முன் ஒரு கைக்குட்டை அளவு மாதிரி பின்னிப் பார்க்க வேண்டும் என்பது விதி. யாரும் செய்வதில்லை. நானும் பல தடவை செய்ததில்லை. ஒரு அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி வர வேண்டும் என்று வையுங்கள். 64 கண்ணி போட்டால் சுற்றளவு சரியாக எட்டு அங்குலம். உங்கள் கை கொஞ்சம் தளர்வு, அங்குலத்துக்கு ஏழுதான் விழுகிறது என்றால் அதே 64 கண்ணி ஒன்பது அங்குலத்தைத் தாண்டிவிடும். நடந்தால் சுருண்டு செருப்புக்குள் போய்விடும். ஒரே ஒரு கண்ணி வித்தியாசம்தான். பத்தாயிரத்துக்கு மேல் கண்ணி பின்னி முடித்த பிறகுதான் அது தெரியவரும்.

கடனும் அப்படித்தான். நாற்பது லட்சம், இருபது வருடம், எட்டரை சதவீதம். மாதத் தவணை 34,713 ரூபாய். வட்டி ஒன்பதரை ஆனால் 37,285. இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம்தானே என்று தோன்றும். 240 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள், ஆறு லட்சத்துக்கு மேல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வட்டி ஏறினால் பெரும்பாலும் தவணைத் தொகையை ஏற்ற மாட்டார்கள். அதே 34,713ஐக் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். காலம்தான் நீளும். 240 தவணை 309 தவணை ஆகும். ஐம்பத்தெட்டு வயதில் முடிய வேண்டியது அறுபத்து நாலைத் தொடும். மெசேஜ் வரும், யாரும் படிப்பதில்லை. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு நாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டுமே.

சாக்ஸ் பின்னி வீடு வாங்க முடியுமா என்று பலரும் கேலியாகக் கேட்பதுண்டு. ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஷெட்லாந்து என்ற தீவுக் கூட்டம். அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காலுறையும் சால்வையும் பின்னி விற்றார்கள். பூமியிலிருந்து வெட்டியெடுத்துக் காயவைத்து எரிக்கும் புல்கரியை முதுகுக் கூடையில் சுமந்துகொண்டே நடந்தபடி பின்னுவார்கள். கடைக்காரர் காசு தர மாட்டார். பதிலுக்குத் தேயிலையும் துணியும் தருவார். 1872இல் இதை விசாரிக்க அரசாங்கமே ஓர் ஆணையம் வைத்தது. பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். தேயிலையைக் கொண்டுபோய் உருளைக்கிழங்குக்கும் மாவுக்கும் மாற்ற வேண்டியிருந்தது. வீட்டு வாடகையைத் தேயிலையாக யார் வாங்குவார்கள்? குடியிருந்த வீடும் நிலமும் பண்ணையாருடையது. 1886இல் குடியானவர்களுக்குச் சட்டம் வரும் வரை, போ என்றால் போக வேண்டியதுதான். சுவரை நாம் எழுப்பியிருந்தாலும் சுவர் அவருடையது.

ஆகவே, முடியாது. ஒரு ஜோடி சாக்ஸ் பின்ன எனக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடையில் நூறு ரூபாய்க்கு மூன்று ஜோடி தருகிறான். பின்னலை வருமானத்துக்கு வழி என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், நூல் விலையைக் கேளுங்கள், போதும்.

இனி என் கதை. ஊருக்கெல்லாம் வரி வரியாகப் படிக்கச் சொன்னவள் வீடு வாங்கிய கதை.

2018இல் இதே கோவையில் வாங்கினேன். கட்டியவர் பெயர் வேண்டாம். பத்து செண்டில் ஆறு வீடு. எங்களுக்கு இரண்டாவது மாடி. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் எட்டு வீட்டுக்கு மேலோ, 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ போனால்தான் பதிவு கட்டாயம். இது இரண்டுக்கும் உள்ளே அடங்கியது. அது எனக்குத் தெரியும். தாய்ப் பத்திரம் பார்த்தேன், பட்டா பார்த்தேன், வாரிசுகளை எண்ணினேன், நிலத்தில் என் பங்கு எத்தனை சதுர அடி என்று கணக்குப் போட்டேன். டேப் எடுத்துக்கொண்டு போய் ஹாலை அளந்தேன். எல்லாம் சரி. ஒப்பந்தத்தில் லிஃப்ட் என்ற சொல் இருந்தது. எப்போது என்ற சொல் இல்லை.

ஆவணியில் பால் காய்ச்சினோம். அம்மாவுக்கு அப்போது 74 வயது. லிஃப்ட் வர வேண்டிய குழியில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். "பொங்கலுக்குள்ள வந்துடும்மா" என்றார் கட்டியவர். எந்தப் பொங்கல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். 38 படி. லிஃப்ட் வரும் வரையிலான ஒன்றரை வருடத்தில் அம்மா கீழே இறங்கியதை விரல் விட்டு எண்ணலாம். ஆஸ்பத்திரிக்கு நான்கு முறை. ஒரு கல்யாணம். 2019 ஏப்ரல் 18, ஓட்டுப் போட. "காலு இல்லாட்டியும் விரல் இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். ஏறி வர அரை மணி ஆயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வீட்டுக்காரர் நாற்காலி போட்டார்.

2020 மார்ச் இரண்டாவது வாரம் லிஃப்ட் ஓடியது. 25ஆம் தேதி ஊரடங்கு.

சிரியுங்கள், நாங்களும் அன்றைக்குச் சிரித்தோம்.

அந்த வீட்டில்தான் அம்மாவுக்கு சாக்ஸ் பின்ன ஆரம்பித்தேன். "இந்தத் தரை காலைக் கடிக்குது" என்பார். வழவழப்பான டைல்ஸ், மார்கழியில் ஐஸ் மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும் காலை அளந்து பின்னினேன். மாலையில் பார்த்தால் கணுக்காலில் வளையம் வளையமாகத் தடம் பதிந்திருக்கிறது. நீர் கோர்த்த கால், பொழுது சாயச் சாய வீங்கும். காலை அளவை வைத்துப் பின்னினது தப்பு. பிரித்தேன். மாலை ஆறு மணிக்கு மறுபடி அளந்தேன், முக்கால் அங்குலம் கூடுதல். வாய்ப்பட்டியை இறுக்காமல் 72 கண்ணி போட்டேன். பிறகு சாக்ஸ் போட்ட கால் டைல்ஸில் வழுக்கியது. அடிப்பக்கம் துணி ஒட்டும் ரப்பர் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்துக் காயவிட்டேன். அம்மா திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏழு புள்ளி, நேர்ப்புள்ளியா வெச்சிருக்கே, கோலம் எங்கே?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. வீட்டையும் நான் காலை அளவில்தான் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெயிலில், காலி வீடாகப் பார்த்தேன். மாலையில் பார்க்கவில்லை. மழையில் பார்க்கவில்லை. அம்மாவைக் கூட்டிப் போய் ஒரு தடவை படி ஏறச் சொல்லிப் பார்க்கவில்லை. பத்திரம் பதிவதற்கு முன் பத்து வாரம் இருந்தது. ஒரே ஒரு மாலை போதும். கடன் வாங்க வந்தவர்களிடம் அதற்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, ஃபைலை வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டேன்: வீட்டில் பெரியவர்களுக்கு முட்டி எப்படி? சில பேருக்குக் கோபம் வந்தது.

குதிகால் திருப்புவதைக் காட்டுகிறேன் என்று அமைப்பாளரிடம் சொல்லியிருந்தேன். இதோ, கையில் இருக்கிறது. மேலிருந்து நேர்க்குழாயாக வந்த பின்னலை இங்கே மடக்க வேண்டும். 64 கண்ணியில் 32ஐ ஒதுக்கிவிட்டு மீதி 32ஐ மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்னி ஒரு சதுரப் பட்டி ஆக்கியிருக்கிறேன். இனி நடுவிலிருந்து ஆரம்பித்து, வரிசை முடியும் முன்பே திரும்பித் திரும்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண்ணியைக் குறைத்துக்கொண்டே போனால் 18 மிஞ்சும். துணி தானாகவே கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். பதினெட்டு வருடமாகச் செய்கிறேன், அது குழிகிற நிமிடம் இன்றைக்கும் எனக்கு வேடிக்கைதான். பிறகு பட்டியின் இரண்டு ஓரத்திலும் 16, 16 எடுத்து, ஒதுக்கின 32ஐயும் சேர்த்தால் 82. அதைச் சுற்றுக்கு இரண்டாக, ஒன்றுவிட்ட சுற்றில் குறைத்து மறுபடி 64க்கு வர வேண்டும். குதிகாலில் தப்பினால் பாதம் முழுக்கத் தப்பு. அதனால் இந்த இடத்தில் மட்டும் நான் பேச மாட்டேன், அம்மா கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்.

முன்னால் வந்து பாருங்கள். நாலு நாலு பேராக, இந்த மேசை விளக்குக்குப் பக்கத்தில். ஊசி முனை கூர், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் பத்திர ஃபைலோடு வந்திருப்பதைப் பேச ஆரம்பித்ததுமே பார்த்துவிட்டேன். நான் ஓய்வு பெற்றவள், கருத்தெல்லாம் எழுதித் தர முடியாது. டீ குடிக்கும்போது வாரிசுச் சான்றிதழை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள், பெயர்களை எண்ணிப் பார்ப்போம்.